தேயிலைப் பெட்டிக்குள் பன்னிரண்டு முட்டை

தலைமன்னார் சுங்கத்தில் அன்றைக்கு அதிக நேரம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆள் நான்தான். பட்டுப்புடவைக் கட்டுகளோடு வந்தவர்கள், எவர்சில்வர் பாத்திரங்களை மூட்டையாகக் கொண்டு வந்தவர்கள் எல்லாரும் நடையைக் கட்டிவிட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஃபிளாஸ்க். அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி.

"இதுக்குள்ள என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் அதிகாரி.

"ஆட்டுக் கண்ணிலிருந்து எடுத்த சாற்றில் நனைத்துக் காயவைத்த காகிதப் பொட்டு" என்றேன். உண்மையைச் சொன்னால் சீக்கிரம் விடுவார்கள் என்று நினைப்பு.

அவர் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற முல்லைத்தீவு வியாபாரி ஒருவர் அதை மெதுவாகத் தமிழாக்கினார்: "சூனியக்காரிபோலை கிடக்கு, கெதியா அனுப்பிவிடு எண்டு சொல்லுறார்." முத்திரை உடனே விழுந்தது. மதுரைக் கல்லூரி ஒன்றில் பத்து வருடமாக விலங்கியல் நடத்திவந்தேன், விலங்கியல் பட்டத்தால் ஒரு காரியமும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் கல்லூரி விடுதித் தோழி புவனேஸ்வரி கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவள். எங்களையெல்லாம் 'நீர்' என்று கூப்பிட்டு மூன்று வருடம் சிரிக்க வைத்தவள். அவள் எழுதிய கடிதத்தில்தான் இந்தப் பயணம் பிறந்தது. 'எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள் உயர்தர வகுப்பில் விலங்கியல் படிக்கக் காத்திருக்கிறார்கள். ஆய்வுகூடம் இல்லை, வகுப்புத் தர முடியாது என்கிறார் கல்வி அதிகாரி. ஆய்வுகூடம் இல்லாமலும் உருப்படியான சோதனை செய்ய முடியும் என்று அவருக்குக் காட்ட வேண்டும். வகுப்பு வராவிட்டால் இந்தப் பிள்ளைகள் மிளகாய்த் தோட்டத்துக்குத்தான் போவார்கள். உம்முடைய ஆட்டுக்கண் வித்தையைக் கொண்டு வாரும்.'

அந்த வித்தையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோழி முட்டையை அடைக்கு வைக்கும்போது உள்ளே ஒரு துளி இரத்தமும் கிடையாது. ஒன்றிரண்டு நாளில் மஞ்சள் கருவின்மேல் அங்கங்கே சிவப்புத் திட்டுகள் தோன்றும். திட்டும் திட்டும் சேர்ந்து குழாயாகும். குழாய்கள் கிளைவிட்டு ஓட்டுக்கு அடியில் ஒரு சவ்வு முழுவதும் பரவிக் கருவுக்காக மூச்சு வாங்கும். எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்வது யார்? வளரும் திசுக்கள் சில பொருள்களைச் சுரக்கின்றன, அவை குழாய்களைத் தம் பக்கம் வரச்சொல்லி இழுக்கின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். ஆட்டின் விழித்திரையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் சாற்றை ஒரு காகிதப் பொட்டில் ஏற்றி அந்தச் சவ்வின்மேல் வைத்தால், இரண்டு மூன்று நாளில் சுற்றியுள்ள குழாய்களெல்லாம் பொட்டைப் பார்த்துத் திரும்பும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இருக்கும். நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

வவுனியாவிலிருந்து வடக்கே போன பேருந்து கனகராயன்குளத்தில் நின்றுவிட்டது. பின்சக்கரம் பஞ்சர். "பின்சில்லு காத்துப் போட்டுது, எல்லாரும் இறங்கித் தேத்தண்ணி குடியுங்கோ" என்று நடத்துநர் விருந்துக்கு அழைப்பதுபோலச் சொன்னார். எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்கள். இங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடைக்காரர் பால் விடாத தேநீரும் வாய்ப்பன் என்ற வாழைப்பழ உருண்டையும் தந்தார். நான் நாலு வாய்ப்பன் தின்றேன். ஒரு பெண்மணி பையிலிருந்து பாலைப்பழம் அள்ளிக் கொடுத்தார், காட்டில் பழுக்கிற மஞ்சள் பழம். தேனாய் இனித்தது, பிறகு இரண்டு உதடும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டன. அவர் சிரித்துவிட்டு, "கொஞ்சம் எண்ணெய் பூசுங்கோ, விடும்" என்றார். பேச முடியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அந்த மகிழ்ச்சி கிளிநொச்சிவரைகூட நிலைக்கவில்லை. ஒரு குழியில் பேருந்து எகிறியபோது மேல்தட்டிலிருந்த கருவாட்டு மூட்டை என் துணிப்பைமேல் விழுந்தது. ஃபிளாஸ்க் தப்பியது. முட்டைச் சூடு பார்க்கக் கொண்டுவந்திருந்த வெப்பமானி உடைந்துபோய்விட்டது. பாதரச உருண்டைகள் இருக்கைகளுக்கு அடியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முட்டைக்குச் சூடு ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் கரு செத்துப்போகும். வெப்பமானி இல்லாமல் இந்தச் சோதனை என்பது வெறுங்கையால் முழம் போடுவதுதான்.

ஸ்கந்தபுரத்தில் இறங்கினபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மண் பாதையின் இரண்டு பக்கமும் பாய்களில் மிளகாய் சிவப்பாய்க் காய்ந்துகொண்டிருந்தது. தும்மிக்கொண்டே புவனாவைக் கட்டிப்பிடித்தேன். "நீர் நல்லா உடம்பு வைச்சிட்டீர்" என்றாள். வெப்பமானி உடைந்த கதையைச் சொன்னதும் அவள் பதறவில்லை. "எங்கடை ராக்கம்மா அக்கா இருக்கிறா, வாரும்" என்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஓலைக் கொட்டகையின் பின்னறையில், மண்தரையில், ஒரு தேயிலைப் பெட்டி. தோட்டங்களிலிருந்து கப்பலுக்குப் போகுமே, அந்தப் பலகைப் பெட்டி. அதன் முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி குந்தியிருந்தாள். ஒரு முட்டையை எடுத்துத் தன் மூடிய கண் இமைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு முட்டையை உள்ளே வைத்து, பெட்டிக்கு அடியிலிருந்த குப்பி விளக்கின் திரியை இம்மி கீழே இறக்கினாள்.

"வாங்கம்மா, மதுரையா? எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அந்தப் பக்கம்தானாம்" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றிலும் 'ஓம், இஞ்சை, அங்கை' என்று கேட்டுவந்த காதில் எங்கள் ஊர்ப் பேச்சு விழுந்தது. ராக்கம்மா மலையகத்தில் கொழுந்து பறித்தவள். எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயத்தைக் கொளுத்தியபோது, கைக்குழந்தையாயிருந்த மகனோடும் பத்துப் பன்னிரண்டு வயது மகளோடும் வடக்கே இந்த வன்னிக்கு வந்தவள். கையில் கொண்டுவர முடிந்ததையெல்லாம் இந்தப் பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தார்களாம். உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயத்தாள் இன்னும் பளபளத்தது, சூட்டை வெளியே விடாது. புவனா அடைகாக்கும் கருவிக்கு வழி தெரியாமல் நின்றபோது, பெட்டியை ராக்கம்மாவே தூக்கிவந்து வைத்திருக்கிறாள். மகள் செல்வராணி, காத்திருக்கும் ஒன்பது பேரில் ஒருத்தி.

"கண்ணு இமைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கொழுந்து பறிச்சுப் பறிச்சு வெரலெல்லாம் மரத்துப் போச்சுங்க. இமைக்கு மட்டுந்தான் சொரணை இருக்கு."

நான் நம்பவில்லை. நம்பாததை முகத்தில் மறைக்கிற வழக்கமும் எனக்கு இல்லை.

மறுநாள் காலை வேலை தொடங்கினோம். நான் வருவதற்கு முன்பே அடைக்கு வைத்திருந்த முட்டைகளுக்கு அன்று எட்டாம் நாள். ராக்கம்மா ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, முனையில் முட்டையை வைத்து, வாசல் வெயிலுக்குக் காட்டினாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். ஓடு முழுவதும் சிவப்புக் கொடி, நடுவில் துடிக்கிற ஒரு கறுப்பு.

"நாலாம் நாளே சிலந்தி எறங்கிருச்சும்மா. சிலந்தி எறங்காத மூணு முட்டையக் கழிச்சுட்டேன்" என்றாள். கருவும் அதிலிருந்து நாலாப் பக்கமும் போகிற குழாய்களும் சேர்ந்து பார்க்க அப்படியே சிலந்திதான். நான் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு பலகை நிறையப் படம் போடுவேன்.

பன்னிரண்டு முட்டையைத் தேர்ந்தெடுத்தோம். மொட்டை முனையில் ஊசியால் குத்தி உள்காற்றை வெளியேற்றினால் சவ்வு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். பிறகு பக்கத்தில் பிளேடால் விரல்நகம் அளவு சன்னல் அறுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். ராக்கம்மா உமி அள்ளப் போயிருந்த நேரத்தில் ஆறு முட்டையில் சாறு ஏற்றிய பொட்டு வைத்தோம், மற்ற ஆறில் வெறும் பொட்டு. பொட்டு என்றால் கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. ஓட்டின்மேல் பென்சிலால் குறி எழுதினோம். வளர்ச்சிக் காரணிக்கு 'வ'. வெறும் பொட்டுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். புவனா 'சும்மா' என்று எழுதிவிட்டாள். அறிவியலில் அதைவிடப் பொருத்தமான சொல் அதற்கு இல்லை. சன்னல்களைச் செலோடேப்பால் மூடி, இனி அசையாதபடி உமியில் படுக்க வைத்தோம். மூன்றாம் நாள், திங்கட்கிழமை, கல்வி அதிகாரி வருவதாக ஏற்பாடு.

ராக்கம்மாவின் இமையை நம்பி இரண்டு நாள் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் கிளிநொச்சிக்குப் போய் ஒரு வெப்பமானி வாங்கி வருவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். போனோம். ஊரே பூட்டிக்கிடந்தது. பௌர்ணமியாம். போயா நாள் என்றால் இந்த நாட்டில் கடை திறக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் பௌர்ணமியன்றுதான் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். புவனா முதலிலேயே சொல்லியிருக்கலாம். "சொன்னனான், நீர் கேட்டனீரோ?" என்றாள். சொல்லித்தான் இருந்தாள்.

பூநகரியில் அவளுடைய மச்சாள் ஒருத்தி மருத்துவிச்சியாக இருந்தாள், பெயர் பரமேஸ்வரி. காய்ச்சல் பார்க்கிற கருவி அவளிடம் இருக்கும், முட்டைக்கு வேண்டிய சூடும் அந்த அளவுக்குள்தான். மத்தியானப் பேருந்தில் போனோம். அடடா, என்ன வெளி அது. பக்கத்தில் கடல்நீரேரி, அதற்கப்பால் பனை, எதிரில் ஆளே இல்லாத சாலை. இராமநாதபுரம் போல இருக்கிறதே என்று நினைத்தேன், ஆனால் இந்த அமைதி அங்கே கிடையாது. முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்து போய்க்கொண்டே இருந்தார்.

பரமேஸ்வரி எங்களைக் கண்டதும் இறாலை உரிக்கத் தொடங்கிவிட்டாள். காய்ச்சல் கருவி வேண்டும் என்று கேட்டதும், "மூண்டு வைச்சிருக்கிறன், ஒண்டைக் கொண்டு போங்கோ. ஆருக்குக் காய்ச்சல்?" என்றாள்.

"பன்னிரண்டு முட்டைக்கு" என்றாள் புவனா.

"தாய் ஆர்?"

"தேயிலைப் பெட்டி."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இறால் தரையில் விழுந்தது. சிவப்பரிசிச் சோறு, இறால் பொரியல், தேங்காய்ப்பால் விட்ட சொதி. நான் மூன்று முறை சோறு வாங்கினேன். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் கடைசிப் பேருந்து போய்விட்டது. இறாலை விட்டு எழ மனமில்லாத குற்றம் என்னுடையது, புவனாவைச் சேராது.

காலையில் பரந்தன் பக்கம் போகிற உழவு இயந்திரம் ஒன்றில் தொற்றிக்கொண்டோம். ஓட்டியவர் என்னைப் பற்றிப் புவனாவிடம் விசாரித்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு, "இந்தியாவிலை கோழி இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "பேந்தென்ன?" என்றார். பிறகென்ன, இதற்காக ஏன் இவ்வளவு தூரம் என்று அர்த்தம்.

பள்ளிக்கூடம் சேரும்போது உச்சி வெயில். முதல் வேலையாகக் காய்ச்சல் கருவியைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழரைக்கு ஒரு கோடு மேலே. மதுரையில் எங்கள் மின்சாரப் பெட்டி இவ்வளவு ஒழுங்காக நிற்காது. உண்மையாகவே வெட்கப்பட்டேன். "ராக்கம்மா, உன் இமையை எங்கள் கல்லூரிக்கு அனுப்பு" என்றேன். அவளும் சிரித்தாள்.

அப்புறம்தான் முட்டைகளைக் கவனித்தேன். ஒன்றிலும் செலோடேப் இல்லை. சன்னல்களின்மேல் வெள்ளையாய், மெல்லிசாய் வேறு ஏதோ ஒட்டியிருந்தது.

"டேப்பு சுருண்டு சுருண்டு விழுந்துருச்சுங்க. அதான் இன்னைக்குக் காலையில வேற முட்டைய ஒடைச்சு, உள்தோல உரிச்சு, ஈரத்தோட ஒட்டினேன். தோட்டத்துல விரிசல் விழுந்த முட்டைக்கு அப்பிடித்தான் செய்வோம். காஞ்சதும் இறுகிரும், மூச்சும் போய்வரும்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "உள்ள ஒவ்வொண்ணுலயும் ஒரு தூசி கெடந்துச்சு. குஞ்சு மேல ஒறுத்துமேன்னு கோழி இறகால நீவி எடுத்துப் போட்டேன்."

"தூசியா? எங்கே போட்டாய்?"

"அடுப்புலங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது எங்கே வந்தது என்று எனக்கே தெரியாது. உன்னை யார் தொடச் சொன்னார்கள் என்றேன். ஆறு மாத உழைப்பு என்றேன். படிப்பு வாசனை இல்லாதவர்களிடம் விட்டுப்போனது என் புத்தி என்றும் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சொன்னேன்.

"வசந்தி, காணும்" என்றாள் புவனா. போதும் என்கிற அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

ராக்கம்மா எழுந்து கையை முந்தானையில் துடைத்தாள். "அந்தத் தூசிதான் பாடம்னு எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "எம் மக படிப்பு என்னால நின்னு போயிருமாங்க?"

நான் முட்டைகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன். அவள் போய்விட்டாள்.

புவனா அதற்குப் பிறகுதான் என்னைப் பிடித்தாள். குப்பையிலிருந்து என் செலோடேப் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் போட்டாள். நீராவியில் நனைந்து, பசை போய், வதங்கிய வாழைப்பூ மடல்போல் சுருண்டு கிடந்தன. "இதை ஆர் ஒட்டினது? நீர். நாங்கள் பூநகரியிலை இறால் திண்ட நேரம் இது கழண்டு விழுந்தது. அவா இல்லாட்டி இப்ப ஒரு கருவும் உயிரோடை இராது. விளங்குதோ உமக்கு?"

விளங்கியது. பன்னிரண்டில் ஒன்றுதான் செத்திருந்தது, அதுவும் முதலில் டேப் விழுந்த முட்டை. பதறிய காரியம் சிதறும் என்று மாணவிகளுக்கு நான் சொல்லாத வருடமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ராக்கம்மா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அவளும் செல்வராணியும் உட்கார்ந்து அடுப்புச் சாம்பலைச் சுளகில் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். பொட்டைத் தேடுகிறார்கள். மகளின் கண் இமைமயிரெல்லாம் சாம்பல். நான் அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்தேன்.

"தப்பு என்மேல் ராக்கம்மா. நான் ஒட்டினதுதான் கழன்றது. நான் பேசினது தப்பு, மன்னித்துவிடு."

"அத விடுங்கம்மா. அது கெடைச்சா நாளைக்குச் சரியாயிருமா?"

"கிடைத்தாலும் உதவாது. விடு."

"அப்ப வேற வழி இருக்குங்களா?"

இருக்கிறது என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றேன். அவள் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றேன். சம்பல் காரம் என்று அவளும் சொன்னாள், நானும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை கல்வி அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலுக்குக் காதுவரை தொப்பி. தண்ணீர் குடித்ததும் நேரே கேட்டார்: "எங்கை, காட்டுங்கோ." ஒன்பது பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ராக்கம்மா வாசலுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை.

என்ன நடந்தது என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். பொட்டு வைத்ததையும், அது நேற்றுக் காலை எடுக்கப்பட்டதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்ப சோதனை பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லுங்கோ."

"திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

முதல் முட்டையின் தோலை ஈரப் பஞ்சால் நனைத்து உரித்தேன். 'வ' எழுதிய முட்டை. வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். சவ்வின் நடுவில் ஒரு பொட்டு அளவு வெறும் இடம். அந்த வெறும் இடத்தை நோக்கி, நாலாப் பக்கத்திலிருந்தும், மயிரிழைபோலச் சிவப்புக் குழாய்கள் வளைந்து வளைந்து வந்து நின்றன. அழைத்த பொருள் அங்கே இல்லை. அது இரண்டு நாள் அங்கே இருந்தது போதுமாயிருந்தது. மதுரையில் இத்தனை வருடமாகப் பொட்டை அப்படியே வைத்துத்தான் பார்த்திருக்கிறேன், அது நடுவை மறைத்துக்கொண்டிருக்கும். குழாய்களின் நுனி எங்கே போய் முடிகிறது என்பதை அன்றுதான் முதல்முறையாக முழுசாகக் கண்டேன்.

'சும்மா' முட்டையைத் திறந்தேன். குழாய்கள் தம் போக்கில், நடுவைப் பொருட்படுத்தாமல், தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுத்துத் தெரியாமல் குறியளை மறையுங்கோ. இடத்தையும் மாத்தி மாத்தி வையுங்கோ. நான் பிரிக்கிறன்."

மற்றவற்றையும் திறந்து வரிசையாக அடுக்கி, குறிகளின்மேல் கைக்குட்டையை விரித்தோம். பதினொரு முட்டை. அவர் மண்தரையில் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டினார், புவனா எழுதினாள். கைக்குட்டையை எடுத்தபோது பத்து சரி, ஒன்று பிழை. பிழையான முட்டையை நான் பிரித்திருந்தாலும் பிழைதான் விட்டிருப்பேன், அவ்வளவு மங்கல். பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"குறி அழியாமல் இருந்தது நல்லது" என்றார்.

"எழுத்துல்லீங்களா, அழிக்கக் கூடாதேன்னு துடைக்காம விட்டேன்" என்றது வாசலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல்.

"இதை ஒட்டினது நீங்களோ? உள்ளுக்கு வாங்கோ. எப்பிடி ஒட்டினனீங்கள் எண்டு காட்டுங்கோ."

ராக்கம்மா வந்து, ஒரு முட்டையை உடைத்து, உள்தோலை நகத்தால் பிரித்து, திறந்த சன்னல்களை ஒவ்வொன்றாக மூடிக் காட்டினாள். முன்பு ஒரு தடவையும் இவ்வளவு நிதானமான கையைப் பார்த்ததில்லை. அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். நீளமாகவே எழுதினார். வகுப்பைப் பற்றிப் புவனா கேட்டதற்கு, "எழுதியிருக்கிறன். மேலை இருக்கிறவை முடிவெடுப்பினம்" என்றார். வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதிலில் 'ஓம்' என்கிற சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று சாயந்தரம்வரை நாங்கள் வாதிட்டோம். ஒன்றும் தெரியவில்லை.

நான் புறப்படும்போது முட்டைகளை என்ன செய்வது என்று ராக்கம்மா கேட்டாள். எங்கள் வழக்கம் என்னவென்றால், பார்த்து முடிந்ததும் குப்பையில் போடுவது. சன்னல் அறுத்த முட்டை பொரிக்காது என்று சொன்னேன்.

"பொரிக்க விட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப நான் வச்சுக்கிறேன்" என்று திரியை இம்மி ஏற்றினாள்.

மதுரைக்கு வந்து, விட்ட பாடங்களை நடத்தி, பருவத் தேர்வும் வைத்து முடித்தேன். செலோடேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முட்டைத் தோலால் ஒட்டப் பழகிக்கொண்டிருந்தேன், பாதி கிழிந்தது. அந்த நாட்களில் ஒருநாள் இலங்கைத் தபால்தலையோடு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து புவனாவுடையது இல்லை. உருண்டையான, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதிய கை. மின்விசிறிக்குக் கீழே நின்றபடியே பிரித்தேன்.

'அன்புள்ள ரீச்சருக்கு, க.பொ.த. உயர்தர வகுப்பு விலங்கியல் மாணவி செல்வராணி எழுதிக்கொள்வது. நலம், உங்கள் நலமறிய ஆவல். அம்மா சொல்லச் சொன்னவற்றை எழுதுகிறேன். பதினொன்றில் பத்து பொரிக்காமல் பழுதாகிவிட்டன. ஒன்று இருபத்திரண்டாம் நாள் பொரித்தது. ஓட்டில் 'வ' எழுதியிருந்த முட்டை. நீங்கள் அறுத்த சன்னல் வழியாகத்தான் மூக்கை நீட்டியது. இப்போது வகுப்பு நடக்கும்போது அந்தக் குஞ்சு நாங்கள் இருந்து படிக்கும் வாங்குக்குக் கீழே ஓடித் திரிகிறது. அடுத்த முறை வரும்போது டேப் கொண்டுவர வேண்டாம் என்று அம்மா சொன்னா.'